அம்மா சொன்ன மூன்று

கடற்காற்றில் ஊறிய சீட்டுக்கட்டுக்கு ஒரு வாசனை உண்டு: பாதி உப்பு, பாதி முகப்பவுடர். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அப்பாவின் உத்தியோகத்துக்குக் கிடைத்த எங்கள் "குவாட்டஸ்" வீட்டில் சீட்டுகள் இரண்டொரு நாளிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், அம்மா அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பவுடர் தூவி, பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கும்போதே அந்த வாசனை வந்தால், அன்று பின்னேரம் நாங்கள் நாலு பேரும் மேசையில் இருக்கப்போகிறோம் என்று எனக்கும் அண்ணாவுக்கும் தெரிந்துவிடும்.

யுத்தம் ஓய்ந்து சமாதான ஒப்பந்தம் நடப்பில் இருந்த காலம் அது. சோதனைச் சாவடிகள் குறைந்து, பொழுதுபட்ட பிறகும் ஆட்கள் பயமில்லாமல் வீதியில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கனகாலம் பூட்டிக் கிடந்த கிளப் ஒன்றும் திறந்திருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். அம்மாவின் தகப்பனார் ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் ஆகையால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு பிரிட்ஜ் ஆட்டம் புட்டு அவிக்கப் பழகுவதற்கு முன்பே தெரியும். அப்பாவுக்கு ஆட்டத்தைக் காட்டிக் கொடுத்ததே அம்மாதான். கிழமையில் ஆறு நாளும் குசினியில் அடுப்போடு நின்றவருக்குச் சனிக்கிழமை பின்னேரத்தில் கிளப்பில் உட்கார ஒரு கதிரை இருந்தது, அப்பாவுக்கு எதிரே, சோடியாக. அந்தக் கதிரைக்காகத்தான் மற்ற நாட்களை அவர் பொறுத்துக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்ஜில் எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. சீட்டை இறக்குவதற்கு முன், ஆளுக்கு ஆள் முறை வைத்து "கேள்வி" கேட்பார்கள்: இந்தச் சீட்டு நிறத்தைத் துரும்பாக வைத்து இவ்வளவு சுற்றுகளைப் பிடிப்போம் என்று. உன் கையில் என்ன இருக்கிறது என்று சோடியிடம் கேட்க முடியாது. கண்ணாலும் காட்டக் கூடாது. எண்ணையும் நிறத்தையும் சொல்லலாம், அவ்வளவுதான். சோடி "ஒரு ஸ்பேட்" என்று தொடங்க நீங்கள் "மூன்று ஸ்பேட்" என்று ஏற்றினால், அந்த ஏற்றத்துக்கு என்ன அர்த்தம் என்பது முன்கூட்டியே இருவரும் பேசி வைத்த முறையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு முறையில் அது பலத்தின் அறிவிப்பு. "என்ரை கை கனம், நில்லாதேங்கோ, நாலுக்குப் போங்கோ" என்று அம்மா எனக்கும் அண்ணாவுக்கும் விளங்கப்படுத்தியிருந்தார். நாலு கேட்டு எட்டினால்தான் பெரிய புள்ளி. மூன்றில் நின்றால் சில்லறைதான்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து மாற்றலாகி ஒரு இஞ்சினியர் வந்தார். அவரோடு புதிய முறை ஒன்றும் வந்தது. அதில் அதே மூன்றுக்கு நேர் எதிரான அர்த்தம்: "என்னிடம் துரும்பு நாலைந்து உண்டு, வேறொன்றும் இல்லை, எதிராளி உள்ளே வராமல் கதவைச் சாத்துகிறேன், நீ பேசாமல் நில்." அப்பா வேலை முடிந்ததும் இஞ்சினியரோடு கிளப்புக்குப் போய் அதைப் பழகினார். வீட்டில் நாங்கள் நாலு பேரும் மேசையில் இருப்பது நின்றுபோனது. சீட்டு மறுபடி ஒட்டத் தொடங்கியது. அம்மா அதையும் துடைத்து வைத்தார்.

சோடிகளுக்கான போட்டியின் கடைசி நாள் நானும் அண்ணாவும் பார்க்கப் போயிருந்தோம். எதிர்க்கட்சியில் கந்தளாய்ச் சீனி ஆலையில் முன்பு வேலை பார்த்த ஒரு வயதானவர் இருந்தார், நல்ல மனிதர். அப்பா "ஒரு ஸ்பேட்" என்றார். அம்மா தன் சீட்டை ஒருமுறை ஒழுங்காக அடுக்கிவிட்டு, "மூன்று ஸ்பேட்" என்றார். பிரிட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கேட்ட கேள்விக்கு அர்த்தம் என்னவென்று எதிராளி விசாரிக்கலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த எண்ணைச் சொன்னவர் அல்ல, அவருடைய சோடி. எண்ணைச் சொன்னவர் அப்போது வாய் திறக்கவே கூடாது.

கந்தளாய்க்காரர் அப்பாவைப் பார்த்து, "அவ சொன்ன மூண்டுக்கு என்ன கருத்து?" என்று கேட்டார்.

"அவவிட்டை ஒண்டும் இல்லை," என்றார் அப்பா. "பலவீனம். சும்மா வழி மறிக்கிறா."

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சீட்டை நெஞ்சோடு பிடித்தபடி இருந்தார். விதி அது, அவர் விதியை மீறுகிற ஆள் அல்ல. எல்லோரும் "பாஸ்" என்றார்கள், அப்பாவும்தான். ஆட்டத்தை நடத்துபவரின் சோடி தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைக்க வேண்டும் என்பதால் அம்மா விரித்தார். துரும்பில் ராஜா, பக்கத்தில் இரண்டு ஆஸ், அவற்றோடு ஒரு ராணியும். ஒன்றுமில்லாத கையாம் அது.

பிடிகள் நாலுக்குப் போதுமான அளவு வந்து குவிந்தன, ஆனால் கேட்டிருந்த மூன்றுக்கு உரிய சில்லறைப் புள்ளிக்கு. போட்டியில் எல்லா மேசைக்கும் ஒரே சீட்டுகள்தான் சுற்றி வரும்; அதே கை கிடைத்த அடுத்த மேசைக்காரர் நாலுக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்தார்கள். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டேல்லை," என்று கந்தளாய்க்காரர் ஆறுதலாகச் சொன்னார். அப்பா கூட்டத்தைப் பார்த்து, "முறையை மாத்தினது எண்டு சொன்னனான். அவவுக்கு ஏறேல்லை," என்றார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டார்: "எப்ப சொன்னனீங்கள்?"

"சொல்லியிருந்தால் மட்டும் உமக்கு விளங்கியிருக்குமே?"

அம்மா குசினிக்குள் போய் மீனைச் சூடாக்கினார். அடுத்த சனிக்கிழமை அந்தக் கதிரையில் இஞ்சினியர் இருந்தார். அம்மா பொரித்துக் கொடுத்த "றோல்ஸ்" மட்டும் கிளப்புக்குப் போனது. அதை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று அப்பா வந்து சொன்னார். பக்கத்துக் குவாட்டஸ் மாமி, "வீட்டுக்காரர் போக விடேல்லையோ?" என்று கேட்டபோது, "எனக்கு ஏலாது மாமி, தலையிடி," என்று அம்மா சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பலவீனம் என்று மற்றவர் சொன்ன சொல்லை அவர் தானே எடுத்து உடுத்திக்கொண்டது அன்றைக்குத்தான். ஊமை கண்ட கனவு என்பார்களே, அப்படித்தான் அம்மாவின் ஆட்டம் அவருக்குள்ளேயே கிடந்தது.

பிறகு சமாதானமும் போனது, இஞ்சினியரும் போனார். கிளப் இருந்த காணியைச் சுற்றி இப்போது தகரம் அடைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஊருக்குள் திரியும் மான்கள் மட்டும் படுத்திருக்கின்றன. கந்தளாய்க்காரர் உயிரோடு இல்லை. அப்பா டப்லெட் திரையில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறார். அதில் கேட்ட கேள்வியை விரலால் தொட்டால் அதன் அர்த்தம் எழுத்தில் வருகிறது. யாரும் யாருக்காகவும் பேச வேண்டியதில்லை. அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று அவரே என்னிடம் வியந்தார். நான் சிரிக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா மெலிந்திருந்தார். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இளம் டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்: "என்ன அம்மா செய்யுது?"

"அவவுக்கு ஒண்டும் இல்லை," என்றார் அப்பா. "கொஞ்சம் பலவீனம்."

அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இருந்தார். அந்த இருப்பை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். டொக்டர் விற்றமின் எழுதினார். ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி இருந்து திரும்புகையில், கடற்கரை வளைவில், அம்மா என் காதோடு மெல்லச் சொன்னார்: "படி ஏறேக்கை நெஞ்சை அடைக்குது பிள்ளை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஆட்டோவை டொக்டரிடமே திருப்பச் சொன்னேன். எதற்கு என்று அப்பா கேட்டார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். இந்தமுறை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா.