ராஜவேலுவுக்கு ஒரு பியோனிச் செடி

பழவேற்காடு மீன் ஏலத்தில் குப்பம்மாவை ஏமாற்றியவர் என்று யாரும் கிடையாது. ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்திலிருந்து விடியற்காலையில் படகேறி வருவாள். இறால் கூடைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். மேலே இன்றையதும் கீழே நேற்றையதுமாக அடுக்கியிருந்தால் அந்தக் கூடைக்காரனின் மானம் அன்றைக்குப் போயிற்று. மீனென்றால் செவுளைத் திறப்பாள், கண்ணைப் பார்ப்பாள், வயிற்றை அழுத்துவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவளின் வீட்டுக்கே, முகம் தெரியாத யாரோ அட்டைப்பெட்டியில் குப்பையைக் கட்டி அனுப்பிக் காசு பிடுங்கினால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

எல்லாம் அவள் புருஷன் ராஜவேலுவால் வந்தது.

போன ஆடி மாதம் படகைக் கரையேற்றும்போது அலை தூக்கியடித்து, படகு அவன் காலின் மேல் ஏறிவிட்டது. தொடை எலும்பு முறிந்து, சென்னையில் பிளேட் வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குக் கடல் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவன் கட்டிலில் கிடந்தான். முதல் மாதம் கூரையைப் பார்த்தான். இரண்டாம் மாதம் வந்து போகிறவர்களோடெல்லாம் சண்டை போட்டான். பொன்னேரி கல்லூரியில் படிக்கும் மகள் அர்ச்சனா, பொறுக்கமாட்டாமல், தமிழில் பேசும் கொரியா சீரியல் ஒன்றைப் போனில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அதோடு வீட்டில் சத்தம் நின்றது. குப்பம்மாவும் நிம்மதி என்றுதான் நினைத்தாள்.

அந்தச் சீரியலில் ஒரு ராணி தோட்டத்தில் நடந்துபோகிற இடம் வரும். வழியின் இரண்டு பக்கமும் பூ. ஒவ்வொன்றும் குழந்தையின் தலையளவு. வெளிர்ச் சிவப்பில் இதழ்மேல் இதழாக, எண்ண முடியாத அடுக்கு. ராஜவேலு அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டான்.

"அச்சு, இது இன்னா பூவு?"

அர்ச்சனா தேடிப் பார்த்துச் சொன்னாள். "பியோனியாம் நைனா."

"எங்க கிடைக்கும்?"

அந்தக் கேள்விக்குப் போன் அன்றே பதில் சொல்லிவிட்டது. எந்தப் பக்கம் திறந்தாலும் பியோனிதான். விதை, கிழங்கு, நாற்று, நீலப் பியோனி, கறுப்புப் பியோனி.

முதலில் வந்தது விதை. ராஜவேலு தொட்டியில் தூவி, தடியை ஊன்றிக்கொண்டு காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தான். ஒரே வாரத்தில் பச்சைப்பசேல் என்று முளைத்தது. அவன் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது குப்பம்மா ஏலம் முடிந்து வந்தாள். ஒரு இலையைக் கிள்ளி மோந்தாள். மொத்தத்தையும் பிடுங்கிக் கழுவி, பருப்புப் போட்டுக் கடைந்து, அவன் தட்டில் ஊற்றினாள்.

"சிறுகீர. உன் ராணி வூட்டுப் பூவு. துன்னு."

அடுத்து வந்தது செடி. அது வெள்ளையாகப் பூத்தபோது நந்தியாவட்டை என்று தெரிந்தது. அம்மன் கோயில் வாசலில் அது புதராக நிற்கிறது. வேண்டுமென்றால் கிளையை ஒடித்து நட்டிருக்கலாம். மூன்றாவதாகக் கிழங்கு. பஞ்சு போன்ற பாசியில் சுற்றி, மேலே டேப் ஒட்டி வந்தது. பிரித்ததும் எழுந்த நாற்றத்துக்கு, மீனோடே வாழ்கிற குப்பம்மா முந்தானையால் மூக்கை மூடினாள்.

கூரியர்க்காரன் ஏரியைத் தாண்டி வரமாட்டான். படகுத்துறைக்குப் பக்கத்தில் குணசுந்தரியின் பெட்டிக்கடையில் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். வியாபாரம் முடிந்து, அன்னக்கூடையோடு களைத்து வரும் குப்பம்மாதான் அதையும் தூக்கிக்கொண்டு படகேற வேண்டும். குணசுந்தரிக்கு அது தினசரி வேடிக்கையாகிவிட்டது.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரருக்கு அடுத்த கீர வந்துகீதே!"

படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஏலத்தில் தன் எதிரே வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களும் சிரித்தார்கள். குப்பம்மாவுக்குக் காசு போனதைவிட அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டில்மேல் எறிந்தாள்.

"யோவ், உன்க்கு இன்னாதான் வேணும்? உப்புக் காத்துல முருங்கையே தத்தளிக்குது. இதுல கொரியாப் பூவு!"

ராஜவேலு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"எல்லாரும் திருடனாவா இருப்பான்? ஒருத்தனாச்சும் ஒயுங்கானவன் இருக்கமாட்டான்?"

"இருப்பான். உன் கண்ணுக்குத் தெரியமாட்டான். குடு அந்தப் போன."

அந்த ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குப்பம்மா வேலையைத் தொடங்கினாள். பியோனி வாங்குவதில் அவளுக்கு ஆசை துளியும் இல்லை. புருஷன் விடப்போவதில்லை, இனியும் படகில் சிரிப்பு வாங்க முடியாது, அவ்வளவுதான்.

பாதி விலை என்று போட்டிருந்ததையெல்லாம் முதலில் ஒதுக்கச் சொன்னாள். "ஏலத்துல பாதி வெலைக்கு ஒருத்தன் தள்றான்னா அது நேத்து மீனு." அடுத்து, வாங்கியவர்கள் எழுதியதைப் படிக்கச் சொன்னாள். நான்கு கடைகளின் கீழே ஒரே ஆள், ஒரே வார்த்தையில், 'பிரமாதமான செடி' என்று எழுதியிருந்தான். அந்த நான்கும் போயின. மிச்சமிருந்தவர்களுக்கு நேராகப் போன் போட்டாள்.

"உன் தோட்டத்த வீடியோல காட்டு. இப்பவே காட்டு."

ஒருவன் போனை வைத்துவிட்டான். இன்னொருவன் காட்டினான். தோட்டம் இல்லை, டியூப்லைட் எரியும் குடோன், தரையெல்லாம் அட்டைப்பெட்டி. மூன்றாவதாக ஒரு பெண் தேனாகப் பேசினாள்.

"எந்த மண்ணா இருந்தாலும் ஒரே மாசத்துல பூத்துடும் மேடம்."

"எங்குளுது உப்பு மண்ணு."

"உப்பு மண்ணுல இன்னும் நல்லா வரும் மேடம்."

"கடல் தண்ணி ஊத்துனா?"

"தாராளமா ஊத்தலாம் மேடம். பூக்கும்."

"அப்ப நீ கடல்லயே நட்டுக்கோ" என்று குப்பம்மா போனை வைத்தாள். கட்டிலில் இருந்து ராஜவேலு, "அந்தப் பொண்ணு நல்லாத்தான பேசுச்சு" என்றான். குப்பம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அர்ச்சனா அலுத்துப்போய்ப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். கோத்தகிரியில் ஒரு நர்சரி. கீழே யாரோ ஆத்திரமாக எழுதியிருந்தார்கள்: 'காசு தருகிறேன் என்றாலும் செடி தரமாட்டேன் என்கிறார். திமிர் பிடித்த மனிதர்.'

"இவனுக்குப் போடு" என்றாள் குப்பம்மா.

எடுத்தவர் பெயர் தனசேகர். தோட்டத்தைக் காட்டச் சொன்னதும் சட்டென்று காட்டினார். சேறு, ஈரச் சுவர், ஒரு நாய், வரிசையாகத் தொட்டிகள். தொட்டிகளில் வெறும் மண்.

"இதுல எதுங்க பியோனி?" என்று அர்ச்சனா கேட்டாள்.

"எல்லாமே பியோனிதானுங்க."

குப்பம்மா போனைப் பிடுங்கினாள். "இன்னா சாமி, ஆள டபாய்க்கிறியா? மத்தவன் அழுவுன கெழங்காச்சும் அனுப்புனான். நீ வெறும் மண்ணக் காட்டறியே!"

"அம்மா, இது தை மாசமுங்க. குளிருக்கு இலையெல்லாம் கொட்டிப்போட்டு அடியில தூங்குதுங்க. இப்பப் பச்சையா ஒருத்தன் காட்டுனா அது பியோனியே இல்லைங்க."

அவர் ஒரு தொட்டியில் மண்ணை விரலால் விலக்கினார். கிழங்கின் தலையில் சிவப்பாக மொட்டுப்போல் துருத்திக்கொண்டிருந்தவற்றைக் காட்டினார். அதற்குக் கண் என்று பெயராம். மூன்று கண்ணுக்குக் குறைந்தால் வாங்கக்கூடாதாம். கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டுமாம். அழுத்தினால் அமுங்கினால் உள்ளே அழுகல். குப்பம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிபட்டது. கேள்விமேல் கேள்வி போட்டாள். எப்போது தோண்டுவாய்? தோண்டி எத்தனை நாளில் அனுப்புவாய்? வழியில் செத்துப்போனால் யார் பொறுப்பு? எல்லாவற்றுக்கும் மழுப்பாமல் பதில் வந்தது. செத்துப்போனால் படம் எடுத்து அனுப்புங்கள், வேறு கிழங்கு தருகிறேன் என்றார்.

"சரி. நல்லதா ஒண்ணு போட்டு அனுப்பு. பழவேற்காடு, பசியாவரம்."

"பழவேற்காடுங்களா? கடல் ஓரமுங்களே?"

"ஆமா."

"உங்களுக்குத் தரமாட்டேனுங்கம்மா."

"இன்னாது?"

"வராதுங்க. குளிர்காலத்துல மாசக்கணக்குல நல்லா ஜில்லுனு இருந்தாத்தான் அதுக்குப் பூவெடுக்கத் தோணும். இங்கயே ஒரு வருசம் பூக்கும், ஒரு வருசம் ஏமாத்தும். உங்க ஊர்ல இலை விடும், வாடும், போயிரும். அப்புறம் நானும் உங்களை ஏமாத்துன ஆளாயிருவனுங்க."

குப்பம்மாவுக்குத் தலையே சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கி, அத்தனை திருடர்களையும் கழித்து, கடைசியில் ஒரு யோக்கியனைப் பிடித்தால் அவன் விற்கமாட்டேன் என்கிறான்.

"விக்கிறவனெல்லாம் திருடன். யோக்கியன் விக்கமாட்டேன்றான். நான் எவன்கிட்டதான்யா வாங்கறது?"

ராஜவேலு கட்டிலில் இருந்து கத்தினான். "ஐஸ் போடறேன்னு சொல்லு! நம்மகிட்ட இல்லாத ஐஸா! தொட்டியச் சுத்தி ஐஸ் கொட்டிக்கினே இருக்கேன்னு சொல்லு!"

தனசேகருக்கு அது கேட்டுவிட்டது. சிரித்தார். ஆனால் மசியவில்லை. "அவரை வைகாசியில கூட்டிட்டு வாங்கம்மா. பூத்தா நேர்லயே பார்க்கட்டும். பார்க்கக் காசு இல்லைங்க."

வாய்க்காகச் சொன்ன பேச்சு என்று குப்பம்மா விட்டுவிட்டாள். ராஜவேலு விடவில்லை. அன்றிலிருந்து தடியை ஊன்றி நடந்து பழகினான். மருத்துவமனையில் அத்தனை பேர் கெஞ்சியும் செய்யாத பயிற்சியைத் தானாகச் செய்தான். தனசேகருக்கு வாரத்துக்கு ஒருமுறை போன் போட்டு, "எழுந்துச்சா?" என்று கேட்டான். மாசியில் தளிர் விட்டது. சித்திரையில் மொட்டு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, கடல் படகெல்லாம் கரையேறி, ஏலமும் மந்தமாகிவிட்டது. இதுதான் சமயம் என்று அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். குப்பம்மா கத்திப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். வைகாசி பிறந்ததும் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் சொல்வதற்கில்லை. மலைப்பாதையின் முதல் வளைவிலேயே ராஜவேலு வாந்தி எடுக்கத் தொடங்கினான். எத்தனை அலையில் படகு ஓட்டியவன், பஸ்ஸில் ஜன்னலோடு ஜன்னலாகச் சாய்ந்துகிடந்தான். குப்பம்மா தண்ணீர் பாட்டிலையும் எலுமிச்சம்பழத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். கோத்தகிரியில் இறங்கியபோது தூறல். அவளிடம் கம்பளி கிடையாது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிப்போய், "இந்தப் பூவு மட்டும் நல்லா இல்ல, உன்ன இங்கியே வுட்டுட்டுப் பூடுவேன்" என்றாள்.

நர்சரியில் தனசேகர் தொட்டிக்கு மேலே ஒரு பழைய கறுப்புக் குடையைக் கம்பில் கட்டிவைத்திருந்தார். முந்தின நாள் மழையில் ஒரு பூ உதிர்ந்துவிட்டதாம். மிச்சமிருந்த ஒன்றைக் காப்பாற்றக் குடை. ராஜவேலு தடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"போன்ல இன்னும் பெருசா இருந்துச்சே" என்றான்.

குப்பம்மா ஒரு கணம் அந்தக் குடைக்கம்பையே பிடுங்கிவிடலாமா என்று பார்த்தாள். தனசேகர் உர மூட்டை ஒன்றை இழுத்துப் போட, ராஜவேலு காலை நீட்டி அதில் உட்கார்ந்தான். பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். தொடவில்லை. தூறல் நின்றது, மறுபடி பிடித்தது, அவன் எழுந்திருக்கவில்லை. அர்ச்சனா படம் எடுத்துச் சலித்து நாயோடு விளையாடப் போய்விட்டாள். குப்பம்மாவும் வேறு வழியில்லாமல் பூவைப் பார்த்தாள். பெரிய பூதான். அடுக்குக்குள் அடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. அதற்காக இவ்வளவு தூரமா என்று போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

தேநீர் கொடுத்த தனசேகரிடம், "இத்த வருசத்துக்கு எத்தினி விப்பே?" என்று கேட்டாள்.

"இந்த வருசம் மூணுங்க. மூணும் மலைமேல இருக்கிறவங்களுக்கு."

"கேட்டவங்க?"

"அதை எண்ணலீங்க. தினமும் யாராச்சும் கேக்கறாங்க."

"அப்ப சோத்துக்கு?"

"கேரட் நாத்து, கோஸ் நாத்துங்க. பியோனி என்ர ஆசைக்கு."

ஆசைக்காகச் செடி வளர்க்கிற இன்னொரு ஆள். குப்பம்மா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தான் கொண்டுபோயிருந்த காய்ந்த இறால் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். கிளம்பும்போது, உப்புக் காற்றுக்கு எதுதான் நிற்கும் என்று கேட்டாள். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி என்றார் அவர். அதையும் தன்னிடம் வாங்க வேண்டாம், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்றார். இந்த மனிதன் எப்படித்தான் கடை நடத்துகிறானோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

பொன்னேரி சாலையோர நர்சரியில், இலையைத் திருப்பி, தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்து, அரை மணி பேரம் பேசிக் காகிதப்பூச் செடி இரண்டு வாங்கினாள். ராஜவேலு வேண்டா வெறுப்பாகத்தான் நட்டான். ஆனால் ஆனியில் அது பூத்ததும் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னான். மறுநாளே எதிர்வீட்டு ஆடு வந்து ஒன்றை மொட்டையடித்துவிட்டது. வேலி போட வேண்டியது யார், ஆட்டைக் கட்ட வேண்டியது யார் என்று குப்பம்மாவுக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் சண்டை தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை.