ஈர மணலுக்குள் ஒரு போத்தல்

மாமியின் அறை மூலையில் ஒரு மண்பானை இருந்தது. அதில் பாதிவரை சலித்த மணல். மணலில் எப்போதும் ஈரம். அந்த ஈரத்துக்குள் கழுத்துவரை புதைந்து ஒரு சின்ன இன்சுலின் போத்தல். எங்கள் தெருவில் எவர் வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி இல்லாத எழுபதுகளின் கடைசி அது. காலையும் பின்னேரமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. விரலை விட்டால் கிணற்றுத் தண்ணீரில் கை வைத்த மாதிரிக் குளிரும். மாமியின் உயிர் அந்தக் குளிருக்குள்தான் இருக்கிறது என்று பன்னிரண்டு வயதில் நம்பினேன். அது பொய்யும் இல்லை.

மாமி, வாப்பாவின் மூத்த சகோதரி. மருதமுனையில் தறி நெய்து தனியே வாழ்ந்தவர். சீனி வருத்தம் வந்தபின் அவரால் நோன்பு பிடிக்க முடியாது. நோன்பு மாதத்து உச்சி நேரங்களை இப்போது நினைத்தாலும் கண் சொருகும். தறிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்க, ஊரே அரைத்தூக்கத்தில் கிடக்கும். மாமி யன்னலைச் சாத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து வெட்கத்தோடு சாப்பிடுவார். கிடுகுக் கூரையின் இடுக்கால் விழும் வெயில் வட்ட வட்டமாகத் தரையில் நகரும். அதைப் பார்த்தபடியே நான் உறங்கிப்போவேன்.

பிடிக்காத ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டும். அதுதான் பித்யா. பால் வந்த வெற்றுத் தகரப் பேணியால், நோன்புக்கு மூன்று பால்பேணி என்று மாமி அளப்பார். அது தெருக்கோடியில் இருந்த விதவைப் பெண்ணுக்குப் போகும். சொந்தமில்லை, ஆனாலும் எனக்குச் சாச்சி, சின்னம்மா மாதிரி.

ஒரு வருடம் கொழும்பிலிருந்து நூல் வரவில்லை. தறி சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரியிலும் மருந்து முடிந்திருந்தது. மாமியிடம் இருந்த காசு ஒன்றுக்குத்தான் போதும்: ஒன்றில் கல்முனைக் கடையில் ஒரு போத்தல், அல்லது முப்பது நோன்பின் அரிசி. மாமி அரிசியை வாங்கினார். எனக்குப் பொல்லாத கோபம். மௌத்தாகிவிட்டால் அரிசியை யார் கேட்கப் போகிறார்கள்?

"மருந்தில்லாட்டி எனக்கு மட்டுந்தான் கஷ்டம் புள்ள. அரிசி போகாட்டி அவளும் பட்டினி, நானும் அல்லாஹ்வுக்குக் கடன்காரி" என்றார்.

மிச்ச மருந்தைப் பாதிப் பாதியாக ஊசியில் ஏற்றினார். சில நாட்களில் ஓயாத தாகம், எழும்ப முடியாத சோர்வு. இரண்டு நடையாக அரிசியைச் சுமந்துபோய்ச் சாச்சியின் வாசலில் வைத்தபோது அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் சாச்சி வந்தார். நேரே பானையடிக்குப் போய், மணலைக் கிண்டி, ஒரு புதுப் போத்தலைப் புதைத்தார். அரிசி முழுவதையும் கல்முனையில் விற்றிருந்தார். மாமி துடித்துப்போனார்.

"பித்யா அரிசிய நான் திருப்பி எடுக்கிறதா? ஹராமில்லியா?"

"தந்ததுக்குப் பொறகு அது என்ட அரிசி, ராத்தா. என்ட அரிசிய நான் சோறாக்கினா என்ன, மருந்தாக்கினா என்ன? இன்னமும் ஒங்கட அரிசி எண்டா, நீங்க எனக்குத் தரவேயில்ல."

மாமி மணலுக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்தார். பிறகு, "ஓம், ஊசியக் கொதிக்க வையி புள்ள" என்று என்னிடம் சொன்னார். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

அந்த மாதம் முழுக்கத் தான் பள்ளிவாசல் கஞ்சியில் நோன்பு திறந்து, அதிலேயே கொஞ்சம் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் எடுத்துவைத்ததைப் பல வருடங்களுக்குப் பின் சாச்சியே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இப்போது எனக்கும் சீனி வருத்தம். மருந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுக்கப் போகும்போது விரல்கள் இன்னும் ஈர மணலைத்தான் தேடுகின்றன. நோன்பு வந்தால் நானும் பால்பேணியால் அரிசி அளக்கிறேன். அளக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. நான் கொடுப்பது என் வீட்டில் மிஞ்சிய அரிசி. சாச்சி எங்களுக்குத் தந்தது அவர் தின்ன இருந்த சோறு.