நூமியாவுக்குப் போன கலாராணி

கலாராணி என் மனைவி. அவளைப் பற்றி நானே எழுதினால் பெருமையடிக்கிறேன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மலையகத்தில், பெரகல சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற எனக்குப் பெருமைப்பட அவளை விட்டால் வேறென்ன இருக்கிறது?

சந்திக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடொன்றில் பிறந்தவள். எங்கள் மகள் தனுஜா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஆண்டில் அபுதாபிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போய்ச் சேர்ந்தது ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் வீடு. அங்கே சமைத்துக்கொண்டே பிரெஞ்சும் பேசப் பழகிவிட்டாள். பிறகு அந்த அதிகாரிக்கு நூமியாவுக்கு இடமாற்றம் வந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நூமியா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டேன்.

"ஆஸ்திரேலியாவுக்கும் அந்தப் பக்கம்ங்க. ஒரு பெரிய தீவோட தலைநகரம். அந்தத் தீவ பிரான்ஸ்காரன் புடிச்சு நூத்தி எழுவது வருசம் ஆகப்போவுதாம். இன்னும் விடல," என்றாள்.

அதிகாரியின் வீடு துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் போர்க்கப்பல். காலையில் சிப்பாய்கள் கூட்டமாக ஓடுவார்கள். பேக்கரியில் பாண் வாங்குகிற வரிசையிலும் சீருடைதான். பிள்ளைகள் அவர்களுக்கு நடுவே புகுந்து பள்ளிக்கூடம் போவார்களாம். ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம்.

"ஆமி கேம்ப் இருக்குற நம்ம தியத்தலாவ டவுன் மாதிரிதாங்க. பழகிருச்சு," என்றாள்.

அந்த வீட்டுக்குத் துணி துவைக்க மோனிக் என்றொரு அம்மா வருவாள். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான கனாக் மக்களில் ஒருத்தி. அவள் அவித்த சேப்பங்கிழங்கு கொண்டுவருவாள். கலா அதைக் காரத்துக்குக் கொச்சிக்காய் போட்டுத் தாளிப்பாள். இரண்டு பேரும் பின்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அரைகுறைப் பிரெஞ்சிலேயே அவர்களுக்குள் எல்லாக் கதையும் ஓடும்.

2024 மே மாதம் அந்தக் கதை சண்டையில் முடிந்தது. அந்தத் தீவில் பிற்காலத்தில் வந்து குடியேறிய பலருக்கும் உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை கொடுக்க பாரிஸில் ஒரு சட்டம் தயாரானது. மோனிக் கொதித்துப்போனாள். பிறகு வந்தவர்களுக்கு ஓட்டு எதற்கு என்றாள். கலாவுக்குச் சுருக்கென்றது.

"எங்க நாட்டுல எங்க தாத்தாவோட ஓட்டையும் இப்படிச் சொல்லித்தான் புடுங்குனாங்க. இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னு," என்றாள்.

மோனிக் கையிலிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "உன் தாத்தா துப்பாக்கியோட வந்தாரா?"

"இல்ல. கொழுந்து பறிக்கக் கூட்டிட்டு வந்தாங்க."

"எங்ககிட்ட வந்தவங்க துப்பாக்கியோட வந்தாங்க. நிலத்த எடுத்துக்கிட்டு எங்கள ஓரத்துல தள்ளுனாங்க. இப்ப ஓட்டுலயும் எங்கள ஓரமாக்கப் பாக்குறாங்க."

அன்றைக்கு கலா என்னிடம் கேட்டாள்: "அவ சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. நான் சொல்றதும் நியாயம். என்னங்க பண்றது?"

சில நாட்களில் நூமியா எரிந்தது. கடைகளுக்குத் தீ வைத்தார்கள். கனாக் இளைஞர்கள் எரிந்த கார்களையும் டயர்களையும் போட்டு ரோட்டை மறித்தார்கள். பிரான்சிலிருந்து படை வந்து இறங்கியது. ஊரடங்குச் சட்டம். மோனிக் வேலைக்கு வரவில்லை. ஒரு நாள் போன் பண்ணினாள். கைக்குழந்தையான பேரனுக்குப் பால்மா தீர்ந்துவிட்டது, அவர்கள் பக்கம் ஒரு கடையும் மிச்சமில்லை என்று அழுதாள்.

அதிகாரி துறைமுகத்தில் காவல் பணியில் இருந்தார். கலா அவருடைய மனைவியிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மா தன் சின்னப் பிள்ளைக்கு வைத்திருந்த இரண்டு டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கவனம்," என்று மட்டும் சொன்னாளாம்.

கலா பகல் வெளிச்சத்திலேயே நடந்தாள். முதலில் படையினரின் தடை. திரும்பிப் போ, ஆபத்து என்றான் ஒரு சிப்பாய். "அந்தப் பக்கம் ஒரு குழந்தை பசியில கிடக்கு," என்று டின்களைத் தூக்கிக் காட்டினாள். அவன் மேலதிகாரியைப் பார்த்தான், அவர் தலையசைத்தார். அடுத்து இளைஞர்களின் தடை. முகத்தைத் துணியால் மூடிய ஒருவன் கேட்டான்: "நீ அந்தக் கடற்படைக்காரன் வீட்டு ஆளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"ஆமா. அங்கதான் சமைக்கிறேன். இந்தப் பால்மாவும் அந்த வீட்டுதுதான். குடிக்கப்போறது மோனிக்கோட பேரன். வேணாம்னா திரும்பிப் போறேன்."

அவன் ஒரு டயரைக் காலால் தள்ளி வழிவிட்டானாம்.

இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். கத்தினேன். "முன்னாடியே சொல்லியிருந்தா போக விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள். விட்டிருக்க மாட்டேன்.

அதிகாரிக்கும் செய்தி போயிருந்தது. "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கலா கை துடைத்த துணியோடு நின்று சொன்னாள்: "நான் உங்க வீட்ல வேலை செய்றேன் ஐயா. உங்க படையில இல்ல." அன்றோடு வேலை போய்விடும் என்று பெட்டியைக் கட்டி வைத்தாள். காலையில் அவர் கோப்பியைக் குடித்துக்கொண்டே, "அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அரிசி, மருந்து என்று அவள் பல தடவை போய் வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அந்தச் சட்டத்தைப் பிறகு நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் இரண்டு பக்கமும் உயிர்கள் போயிருந்தன. ஆண்டு முடிவில் அதிகாரிக்கு மறுபடி மாற்றம் வந்தபோது, போதும் என்று கலா வீடு வந்து சேர்ந்தாள்.

இப்போது அப்புத்தளையில் ஒரு விடுதியில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. போன மாதம் ஒரு பிரெஞ்சுத் தம்பதியை அங்கே இறக்கிவிட்டேன். கலா பேசிய பிரெஞ்சைக் கேட்டு அசந்துபோய், எங்கே கற்றாய் என்றார்கள். நூமியாவில் என்றாள்.

"அடடா, நம் நாட்டில்!" என்றார் அந்த மனிதர்.

"யார் நாடுன்னு அங்க இன்னும் பேசி முடிக்கல," என்றாள் கலா, அவருடைய சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டே. எனக்குப் புரியட்டும் என்று அதைத் தமிழிலும் ஒரு தடவை சொன்னாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் ஏப்ரனோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சந்தியிலிருந்து இரண்டு ஹயருக்குப் போன் வந்தது, சவாரியை விட்டுவிட்டேன். அவள் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.