படகின் பாதையில் ஒரு தாயும் குட்டியும்

ஊருக்கெல்லாம் அவள் தையல்காரி. பகல் முழுக்க ஊசியையே முறைத்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்று கடிந்துகொண்ட மருத்துவர், வாரம் ஒரு நாளாவது தூரத்தில் பார்வையைப் போடச் சொன்னார். அப்படித்தான் கலங்கரை விளக்கக் குன்றுக்குப் போனாள். முதல் நாளே ஒரு டால்ஃபின் துள்ளியது. அதன்பிறகு திமிங்கலமும் தென்படாதா என்று தேடி, விடுமுறை நாளில் அவளை வீட்டில் பார்த்தவர் கிடையாது. 'திமிங்கலப் பைத்தியம்' என்று தம்பி பெயர் வைத்தான். அவன் எதிர்த்தீவுக்குப் பயணிகள் படகு ஓட்டுபவன்.

போன கோடையில், "முன்னால திமிங்கலம், நிறுத்துடா" என்று அவள் போன் செய்தாள். நிறுத்திப் பார்த்தால் மிதந்து வந்தது மரக்கட்டை. படகுத்துறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் அழைத்தால் அவன் எடுப்பதில்லை.

இந்தக் கோடையில் ஒரு மதியம். வெயில் மண்டையைப் பிளந்தது. குன்றில் நின்ற அவள் பைனாகுலரில் கரிய முதுகு ஒன்று எழுந்து, நீரைப் பீய்ச்சியடித்துவிட்டு அமிழ்ந்தது. அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று. தாயும் குட்டியும். தம்பியின் படகு அவற்றை நோக்கியே நேராக வந்துகொண்டிருந்தது.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. படகில் டிக்கெட் கொடுக்கும் தம்பி மனைவியை அழைத்தாள்.

"அவன் காதுல போனை வை!"

"அண்ணி, அவர் கோபப்படுவார்..."

"படட்டும். வைம்மா!"

இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் கேட்டது. "என்னக்கா, இன்னைக்கு மரமா மட்டையா?"

"குட்டியோட இருக்குடா, உன் மூக்குக்கு நேரா. மோதினா அதுங்களும் போகும், படகும் கவிழும். நிறுத்துடா!"

படகு வந்துகொண்டே இருந்தது. பிறகு அதன் பின்னால் நுரை மெலிந்தது. படகு நின்றுவிட்டது.

கடல் வெறுமனே அலைந்தது.

"ஒண்ணையும் காணோமே. எல்லாரும் கத்துறாங்க. கிளம்பவா?"

அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. மறுபடியும் மரக்கட்டைதானோ?

"கிளப்பாதே. இன்னும் கொஞ்சம் பொறு."

படகின் முனைக்கு வெகு அருகில் தண்ணீர் பிளந்தது. தாயின் முதுகு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. குட்டி அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு மூச்சு விட்டது. போனில் பயணிகளின் கூச்சல் சட்டென்று அடங்கியது.

"அக்கா..." என்றான் தம்பி. "எந்தப் பக்கம் போகுதுங்க? இங்கேருந்து தெரியல."

அவள் பைனாகுலரை அவற்றின் பின்னாலேயே நகர்த்தினாள். "வடக்கே திரும்புது. நீ அசையாதே. நான் சொல்றப்போ கிளப்பு."

"சரிக்கா."

அன்று படகு தாமதமாகத்தான் தீவு சேர்ந்தது. யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.