பசியாவரத்துக்குப் பாடு முறையில் வந்த கம்பளி

பசியாவரத்து ஆடுகளைக் கெடுத்தது ஒரு நலத்திட்டம்.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் கம்பளி ஆடு மேய்வதாக நண்பன் அனுப்பிய படம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஊரே பூநாரை பார்க்கப் போகும் பருவத்தில் நான் ஆடு பார்க்கக் கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் பொன்னேரி, ஒரு மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர். பிறகு படகு, முப்பது ரூபாய்.

"பறவை பாக்கவா சார்?" என்றார் படகோட்டி மூர்த்தி.

"ஆடு பாக்க."

"ஊட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு எங்கூர்ல எறங்கின ஆடா? வா சார், காட்டறேன்."

கரையேறியதும் ஆடு வளர்க்கும் தேசம்மாவிடம் கொண்டுபோய் விட்டார். அவர் வலை அறுக்கும் கத்தியால் ஒரு குட்டியின் ரோமத்தை வெட்டிக்கொண்டிருந்தார். ரோமத்தில் மீன் செதில், சிப்பி, நைலான் நூல் எல்லாம் சிக்கியிருந்தன. சிரித்துவிட்டேன்.

"இன்னா தம்பி சிரிக்கிற? ஸ்வெட்டர் வேணுமா? இந்த வெயில்ல போட்டுக்கினு போ, ஊரே சிரிக்கும்!"

நடந்தது இதுதான். குட்டிகள் எடை கூடும் என்று சொல்லித் திட்டக்காரர்கள் ஊருக்கு ஒரே ஒரு கம்பளிக் கிடா கொடுத்தார்கள். ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை விடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்கு இங்கே பாடு என்று பெயர். ஊர்க்காரர்கள் கிடாவுக்கும் அப்படியே பாடு வைத்தார்கள். 'மாப்பிள்ளை' என்று பெயரிட்டு, வீட்டுக்கு வீடு முறைப்படி அனுப்பினார்கள். யாருக்கும் வஞ்சனை இல்லை. அதனாலேயே ஒரு வீடும் தப்பவில்லை. இந்த நியாயத்தை நாட்டை ஆள்பவர்கள் கற்றுக்கொள்ளலாம்; ஆடு வளர்ப்பில் மட்டும் இது ஆபத்து.

ரோமம் அப்பனிடமிருந்து அழுத்தமாக இறங்கும் குணம். எடை அப்படியல்ல. அப்பன் பங்கு கொஞ்சம், மீதி தாய்ப்பாலும் மேய்ச்சலும். மாப்பிள்ளையின் உடம்பு பண்ணைத் தீவனத்தில் வளர்ந்த உடம்பு. இங்கே உவர்ப்புல் தின்ற குட்டிகளுக்கு அது வரவில்லை, கம்பளி மட்டும் வந்தது. அது சேற்றில் நனைந்து, காயாமல், தோல் புண்ணாகிப் புழு வைக்கிறது. கறிக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

"மீன் படாத மாசத்துல ஆட்ட வித்துதான் எங்கூட்டு அடுப்பு எரியுது," என்றார் தேசம்மா. அவரிடம் இன்னும் நாலு சிவப்புத் தாய் ஆடுகள் இருக்கின்றன, உள்ளூர் இனம். அவை அடுத்துச் சினைப்படுவதற்குள் சிவப்புக் கிடா ஒன்று வந்தால் மந்தை மீளும். ஆனால் தீவில் ஒன்றுகூட இல்லை. இனம் கலந்துவிடும் என்று எல்லாவற்றையும் விற்க வைத்ததே திட்டம்தான்.

"நீங்களே ஒண்ணு வாங்கினா?"

"வாங்கினா திட்டத்துலேர்ந்து பேர அடிச்சிடுவாங்களாம். ஊசி, மருந்து ஒண்ணும் கெடையாதாம்."

போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் அவசியம். இருட்டுவதற்குள் படகைப் பிடியுங்கள். நண்டு வாங்கினால் கரையில் பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். குட்டியைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். அந்த மென்மைக்கு அடியில் புண் இருக்கிறது.

நான் திரும்பிய படகில் திட்ட அதிகாரியும் ஏறினார். மதியம் வந்து இரண்டாவது கிடா ஒன்றை இறக்கிப் படம் எடுத்திருந்தார். அதுவும் கம்பளிக் கிடாதான். தேசம்மா அதை இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து படகின் விளிம்பைப் பிடித்தார்.

"சார், இதையும் ஏத்திக்கினு போ. ஏற்கெனவே வந்த ஒரு மாப்ள போதும்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"செவப்புக் கிடா ஒண்ணு கொண்டாந்து வுடு சார். எந்நாளுன்னு சொல்லிட்டுப் போ."

அதிகாரி லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டினார். தூரத்துப் பூநாரைகளைப் பார்த்தார். மூர்த்தி இன்ஜினில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எந்நாளு சார்?"