சிரிச்ச மூஞ்சியும் மடக்குன கையும்

பேத்தியோட கம்ப்யூட்டர்ல அடிப்பக்கம் மூணு படம் வந்து நிக்கும். ஒரு எல, ஒரு சிரிச்ச மூஞ்சி, ஒரு மடக்குன கை. அவ அருப்புக்கோட்டையில வீட்டுக்குள்ள உக்காந்தே வேல பாக்குறா. என்ன வேலன்னா, வெளயாட்டுத்தான் வேல. கம்பெனிக்காரன் செஞ்சு அனுப்புற வெளயாட்ட வெளயாண்டு பாத்து, எங்க கோளாறுன்னு சொல்லணுமாம். அதுக்குச் சம்பளமும் குடுக்குறாக. ஆயுசுக்கும் பஞ்சுத் தூசியத் தின்னவ கேக்குறேன், நான் வேலைக்குப் போன காலத்துல இந்த வேலைய எங்கடி ஒளிச்சு வச்சிருந்தீக?

வெளயாட்டுல ஒரு பொம்பள வாளும் கையுமா ஊரூராப் போறா. யாராச்சும் அவகிட்டப் பேசுனா, என்ன பதில் சொல்லணும்னு நம்மதான் அமுக்கணும். எலைய அமுக்குனா தன்மையாப் பேசுவா. மூஞ்சிய அமுக்குனா கேலி பண்ணுவா. கைய அமுக்குனா கோவமாப் பேசுவா. எனக்கு எழுத்துக் கூட்டவே பொழுது போயிரும்னு பேத்தி வாசிச்சுக் காட்டுனா. நான் வந்தவன் போனவன் எல்லாத்துக்கும் சிரிச்ச மூஞ்சியவே அமுக்குனேன். எனக்கு வேற என்ன வரும்? கட்டுன புருசன் மொத மொதப் பேசுனப்பவே, மீசைய எந்தக் கடையில வாங்குனீகன்னு கேட்டவ நான்.

அப்பிடியே போயி ஒரு ஊருக்கு வந்தோம். அங்கன ஒரு கம்மா. நம்ம பக்கத்துக் கம்மா மாதிரி இல்ல, அதுல தண்ணி கெடந்துச்சு. கரையில வெடிப்பு விட்டிருக்கு. ஊருக்குள்ள பிள்ளைக வெளயாடுதுக. காவக்காரத் தலைவன்கிட்டப் போயிச் சொல்லணும். இது கேலிக்கு ஆகுற காரியமில்லன்னு மடக்குன கைய அமுக்குனேன். அந்தச் சிறுக்கி வாயத் தெறந்தா பாருங்க, கரை ஒடையப் போகுதுங்கிறதப் பல்ல இளிச்சுக்கிட்டே சொல்றா. அவனும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்.

"என்னடி இது, கோளாறா? எழுதி அனுப்பு"ன்னேன்.

"கோளாறு இல்ல அப்பத்தா. ஆரம்பத்துல இருந்து நீ சிரிப்பையே அமுக்குனேல்ல, அவ கொணமே அதுவாயிருச்சு. இனிமே கோவத்த அமுக்குனாலும் நக்கலாத்தான் வரும். அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க"ன்னா.

"தூக்கி வெளிய எறிடி இந்தச் சனியன"ன்னு கத்துனேன். அதுக்கும் பேத்தி சிரிச்சா. எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. அவளுக்குத் தெரியாது, எனக்கு அப்ப எங்க மதினி கைதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

மதினின்னா எங்க அண்ணன் பொண்டாட்டி. காட்டு வேல இல்லாமப் போனப்பெறகு நானும் அவுகளும் திருச்சுழிப் பக்கமிருந்து பஸ்ஸேறி, டவுனுல பஞ்சு அரைக்கிற மில்லுக்கு வேலைக்கு வருவோம். மதினிக்கு வாயில ஒரே சொல்லுத்தான், சரி. கூட ரெண்டு மூடை தூக்குன்னா சரி. ஞாயித்துக்கெழம வான்னா சரி. நான் அவுகளுக்கும் சேத்துப் பேசுவேன். ஆனா அங்கன நேராப் பேசுனா மறுநா வேல கெடையாது. கோவப்பட்ட பொம்பளைய வாசல்லயே திருப்பி அனுப்பிச்சுருவாக. சிரிக்க வச்சா மட்டும் வாயத் தெறக்க விடுவாக. அதுனால தண்ணி வேணும்னாலும் கேலியாத்தான் கேப்பேன், கக்கூசுக்குக் கதவு வேணும்னாலும் கேலியாத்தான் கேப்பேன். மேனேஜரும் சிரிப்பாரு. கதவு மட்டும் வராது.

மிஷினச் சுத்துற பெல்ட்டுக்கு மேல ஒரு தகர மூடி இருந்துச்சு. பெல்ட்டு அடிக்கடி கழண்டு விழுகுது, ஒவ்வொரு தடவையும் மூடியக் கழட்டி மாட்ட முடியலன்னு அதச் செவுத்தோரமாப் போட்டுட்டாக. நாங்க அது மேலதான் சோத்துத் தூக்குவாளிய வைப்போம். மதினி நிக்கிற எடத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் போகலாம். நான் மேனேஜர்கிட்ட, "அய்யா, பெல்ட்டு எங்க மதினி சேலையவே பாத்துக்கிட்டு இருக்கு, எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவாரு, மூடியப் போடுங்க"ன்னேன். கூடமே சிரிச்சுச்சு. மதினியும் முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாக. அடுத்த வாரம் சேலையில ஒரு நூலு பெல்ட்டுல மாட்டிப் பிரிஞ்சுச்சு. அன்னைக்கு நான் சிரிக்கல. மேனேஜர் முன்னாடி போயி நின்னு, "கேலி இல்லங்கய்யா, நெசமாத்தான் சொல்றேன், ஆளு போயிரும்"ன்னேன். அந்தாளு மத்தவளுகளத் திரும்பிப் பாத்து, "ஏ, பாருங்கடி இவ நடிப்ப, மூஞ்சிய எப்பிடி வச்சிருக்கா பாரு"ன்னாரு. முன்னத்தைக் காட்டிலும் பெருசாச் சிரிச்சாளுக.

அந்த மாசமே பெல்ட்டு மதினி சேலையப் பிடிச்சு இழுத்துச்சு. எடுத்து விடப் போன வலது கை மணிக்கட்டோட போச்சு.

ஆபீசர் ஒருத்தர் விசாரிக்க வந்தாரு. அவரு வர்றதுக்கு முன்னாடியே மூடி பெல்ட்டு மேல ஏறி உக்காந்திருச்சு. ரெண்டு பேரு சேந்து ஒரு நொடியில மாட்டிட்டாக. அம்புட்டுத்தான் வேல அது! அதுக்கு ஒரு கை போக வேண்டியிருந்துச்சு. "மூடி எப்பயும் இருக்குங்க சார், அந்தம்மாதான் கவனமில்லாம..."ன்னு மேனேஜர் இழுக்குறாரு. நான் ஆபீசர் முன்னாடி போயி நின்னேன். "அய்யா, நேத்துவரைக்கும் அந்த மூடி மேலதான் என் தூக்குவாளி இருந்துச்சு. வேணும்னா மோந்து பாருங்க, என் கருவாட்டுக் கொழம்பு வாசம் இன்னும் அடிக்கும்"ன்னேன். நான் சொன்னது அம்புட்டும் சத்தியம். கொழம்பு சிந்துன கறை அதுல இருந்துச்சு. ஆபீசரு சிரிச்சுட்டாரு. அவரு சிரிச்சதும் மேனேஜர் சிரிச்சாரு, மேனேஜர் சிரிச்சதும் கூட வேல பாத்தவளுக எல்லாம் சிரிச்சாளுக. "அவ எப்பயும் இப்பிடித்தான் சார், கேலிக்காரி"ன்னு ஒருத்தி சாட்சி வேற சொன்னா. யாரும் மூடிகிட்டப் போகல. மதினி கவனக்கொறவுன்னு முடிச்சுட்டுப் போயிட்டாக.

மதினி அதுக்கப்பறம் எடது கையாலயே களி கிண்டுனாக, எடது கையாலயே இந்தப் பேத்திக்குத் தல சீவி விட்டாக. கை எப்பிடிப் போச்சுன்னு யாரு கேட்டாலும், "என் கவனக்கொறவுதான்"ம்பாக. ஊரு சொன்னதுக்கும் ஒரு சரி. நான் பக்கத்துல இருந்தா மட்டும் கண்ணத் தாழ்த்திக்கிருவாக. போன வருசம் சாகுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு மத்தியானம், "நீ சொன்னப்ப நானும் சிரிச்சேன்லத்தா"ன்னாக. அம்புட்டு வருசம் அத நெஞ்சுல வச்சிருந்திருக்காக. "நீங்க சிரிச்சது எனக்குக் கோவம் இல்ல மதினி, மத்தவுக சிரிச்சதுதான்"னேன். அதுக்கும் சரின்னாக.

பேத்தி சொல்றா, நீதான அப்பத்தா சிரிப்ப அமுக்குனன்னு. நான் எங்கடி அமுக்குனேன்? மில்லுல எனக்குக் குடுத்ததே ஒரு படம்தான். அதே மேனேஜர் சிரிச்சுக்கிட்டே "நாளைக்கு வராத"ன்னா அது உத்தரவு, எவளும் அதக் கேலின்னு நெனைக்க மாட்டா. நான் அழுதுக்கிட்டே சொன்னா அது நடிப்பு. எங்க பேச்சு கேலியா நெசமான்னு அமுக்குற பொத்தான் அவுக காதுல இருந்துச்சு. இதுல என் தப்பு என்ன இருக்கு? ஒண்ணும் கெடையாது. செத்தாலும் ஒத்துக்கிற மாட்டேன்.

இதையெல்லாம் பேத்திகிட்டச் சொல்லி முடிச்சேன். அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல கரை ஒடஞ்சு, அந்த ஊரு தண்ணிக்குள்ள போயிருந்துச்சு. பேத்தி எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிச்சு விட்டா. மறுபடியும் அதே பொம்பள, அதே வாளு. வாசக் காவக்காரன் ஒருத்தன் கும்பிட்டு, வாங்க தாயி, எந்த ஊருன்னு கேக்குறான். கீழ எல, சிரிச்ச மூஞ்சி, மடக்குன கை. நான் கைய அமுக்குனேன்.

"அய்யோ அப்பத்தா, அவன் ஊருதான கேட்டான்? பாவம், இன்னும் ஒண்ணுமே செய்யலையே!"

"கம்மாக்கரை ஒடையும்னு நாளைக்கு நான் சொல்லையில இவன் சிரிக்கக் கூடாதுல்லடி. அடுத்தவன வரச் சொல்லு, அவனுக்கும் இதேதான்."

பேத்தி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. சிரிக்கல.