பதினொன்று நாற்பதுக்குத் திறந்த கதவு

எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து எத்தனையோ கட்டுரைகள் அச்சாகியிருக்கின்றன. ஒன்றிலாவது கடைசிப் பக்கத்து நன்றியில் தட்டக்காவைப் பற்றி ஒரு வரி கிடையாது. கம்ப்யூட்டருக்குக் கூட நன்றி சொல்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அங்கே ஃப்ரிட்ஜும் இன்குபேட்டரும் பழுது பார்க்கிறவன். எழுதிப் பழக்கமில்லை. யாராவது ஒருத்தர் எழுதித்தானே ஆகவேண்டும்.

தட்டக்கா என்பது பட்டப்பெயர். பத்தொன்பது வருஷமாகப் புழுக்களுக்குத் தட்டு ஊற்றுகிறாள். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் தட்டுகள். கடற்பாசித் தூளைத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோக்ளேவ் என்கிற பெரிய குக்கரில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு தட்டிலும் அரை விரல் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். இறுகிய பிறகு நடுவில் ஒரு சொட்டு பாக்டீரியா. அதுதான் புழுக்களுக்குச் சாப்பாடு. புழு என்றால் மண்ணில் நெளியும் மண்புழுவை நினைக்காதீர்கள். இது உருண்டைப்புழு, ஒரு மில்லிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கு ஒரு கீறல் போலத்தான் தெரியும். அக்கா ஒரு மணி நேரத்தில் முந்நூறு தட்டு ஊற்றுவாள். எந்தத் தட்டிலும் குமிழி இருக்காது, மேடு பள்ளம் இருக்காது.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு விபத்து நடந்தது. நீண்ட விடுமுறையில், புழுத் தட்டுகளை ஒரே சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் தட்டுகள் காய்ந்து வெடித்து, ஒரு ரகப் புழு மொத்தமும் செத்துப்போனது. புரொபசர் எல்லார் முன்னாலும் அவளைக் கிழி கிழி என்று கிழித்தார். அன்றிலிருந்து அக்கா எந்த இன்குபேட்டரிலும், உள்ளே ஈரம் காக்க வைக்கும் தண்ணீர்த் தட்டை வற்ற விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வினையும் இதிலிருந்துதான் வந்தது.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் காலையில் முதல் டிரிப் எடுத்தவர். வீட்டில் அலாரம் வைத்ததே இல்லையாம். நாலு மணி அடித்தால் கால் தானாகத் தரையில் ஊன்றும். பிறகு தலைக்குள் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள், உயிர் பிழைத்தார். ஆனால் பகல் எது இரவு எது என்கிற கணக்கு கட்டியோடு சேர்ந்து போய்விட்டது. ஒரு மணி நேரம் தூங்குவார், இரண்டு மணி நேரம் விழித்திருப்பார், எந்த நேரத்திலும் எழுந்து யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கக் கிளம்பிவிடுவார். இரண்டு முறை நடுரோட்டில் நின்றவரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. அக்கா ஒரு துணி நாடாவால் அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் படுப்பாள். அப்படியும் அவள் தூங்கியதாக எனக்குத் தெரியவில்லை. பகலில் ஊற்றும் மேஜையில் நின்றுகொண்டே கண் சொக்குவாள். நாடாவின் தடம் மணிக்கட்டில் சிவப்பாக இருக்கும்.

"அழறதுக்குக்கூட நேரம் இல்ல தம்பி" என்றாள் ஒரு நாள். அவளுக்கு நான் தம்பி. ஒரு தடவை அவள் அழுததைப் பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்த நேரத்தில்தான் குட்டி டாக்டரின் வேலை சூடு பிடித்தது. அவள் எங்கள் ஆய்வு மாணவி. இன்னும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை, அதனால் அந்தப் பேர். அவள் ஆராய்ச்சியே புழுக்களின் பகல் இரவைப் பற்றியது. புழுவின் நரம்பு செல்கள் துண்டு துண்டான சின்னப் புரதங்களை வெளியே விடும். நியூரோபெப்டைடு என்று அவள் சொல்லுவாள். ஒரு செல் விட்டதை இன்னொரு செல் வாங்கி, இது ஓடும் நேரம், இது ஓயும் நேரம் என்று உடம்பு முழுவதையும் ஒரு தாளத்தில் வைக்குமாம். அக்கா கேட்டுவிட்டு அதற்குச் 'சேதி' என்று பேர் வைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் குட்டி டாக்டரும் சேதி என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

சோதனை இதுதான். சேதி உள்ள புழுக்கள் ஒரு கூட்டம், பிறவியிலேயே சேதி இல்லாத புழுக்கள் ஒரு கூட்டம். ஐந்து நாள் இரண்டையும் பகலில் கொஞ்சம் சூடு, இரவில் கொஞ்சம் குளிர் என்று பழக்க வேண்டும். பிறகு ஐந்து நாள் ஒரே இருட்டு, ஒரே குளிர், கதவைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கேமரா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும். சேதி உள்ளவை பழைய நேரத்தை நினைவு வைத்து எழுந்து ஓடும். இல்லாதவை தறிகெட்டுத் திரிய வேண்டும்.

திரியவில்லை. மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் சேதி இல்லாதவையும் தினமும் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒழுங்காக எழுந்து ஓடின.

குட்டி டாக்டர் குதித்துக்கொண்டு தட்டு ஊற்றும் அறைக்கு ஓடி வந்தாள். "அக்கா, ஒரு சேதி இல்லன்னா இன்னொரு சேதி அந்த வேலைய எடுத்துக்குது. இத யாரும் இதுவரைக்கும் பார்த்ததில்ல!"

அக்கா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். "மனுசங்களுக்கும் இது உண்டாம்மா?"

"நம்ம மூளையிலயும் இதே ஜாதி சேதி இருக்குக்கா. அதுக்கும் மாற்று இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்."

அந்த 'இருக்கலாம்' அக்காவின் காதில் விழவே இல்லை. மறுநாளிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். அந்தச் சோதனைக்குப் போகும் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்குவாள். "இன்னும் எத்தனை நாள்ல மருந்தா வரும்?" என்று என்னிடம் கேட்டாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம்! நானும் பெரிய மேதாவி மாதிரி, சீக்கிரம் வரும் என்று சொல்லித் தொலைத்தேன்.

நாலாவது முறை சோதனை ஓடியபோது அந்த இன்குபேட்டரின் கம்ப்ரசர் முனகியது. கதவைத் திறக்கக்கூடாதே என்று, பின்பக்கத் துளை வழியாகச் சூட்டைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவியை உள்ளே விட்டுவைத்தேன். இன்குபேட்டரின் சொந்தக் கணக்கு மணிக்கு ஒரு தடவைதான் பதியும். என் கருவி நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஐந்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் தினமும் பதினொன்று நாற்பதுக்கு ஒரு மேடு. ஒரு டிகிரி ஏறி, அரை மணி நேரத்தில் இறங்கியிருந்தது. நாலாம் நாள் மட்டும் மேடு மூன்றே காலுக்கு இருந்தது.

கம்ப்ரசர் இப்படி மணி பார்த்துக் கெட்டுப்போகாது. எனக்கு ஆள் யார் என்று உடனே தெரிந்துவிட்டது.

"அக்கா, தெறந்தீங்களா?"

"தண்ணி மட்டும்தான் தம்பி ஊத்துனேன். அரை நிமிஷம்கூட ஆகாது. வெளிச்சம் விழாம கருப்புத் துணிய பிடிச்சுக்கிட்டுதான் தெறப்பேன்."

"கதவுல இத்தாம் பெருசா ஒட்டியிருக்கே, திறக்காதேன்னு!"

"அது அவங்களுக்குப்பா. தட்டு காஞ்சா யார கேப்பாங்க?"

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரை மேஜையில் போட்டேன். பிறகு நாலாம் நாள் மூன்றே கால் எப்படி என்று கேட்டேன். அன்று காலையில் டிரைவர் காணாமல் போய், டெப்போ வாசலில் கண்டுபிடித்து வீட்டில் விட்டுவிட்டு வர மூன்று மணியாகிவிட்டது என்றாள். சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. குட்டி டாக்டரின் அறைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். சுவரில் நாலாவது சோதனையின் வரைபடம் ஒட்டியிருந்தது. சேதி உள்ள புழுக்கள் நாலாம் நாளும் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருந்தன. சேதி இல்லாதவை மூன்றரை வரைக்கும் சும்மா சிதறிக் கிடந்துவிட்டு, சூடு ஏறிய பிறகுதான் எழுந்திருந்தன. பக்கத்தில் குட்டி டாக்டர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

அக்காவுக்குப் படிப்பு ஆறாம் வகுப்புதான். வரைபடம் புரிய அது போதும்.

"வாய மூடிக்கிட்டு இருங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை. "வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்பப் போறாங்க. உங்க வேலை போயிடும். அந்தப் பொண்ணோட மூணு வருஷமும் போயிடும்."

"அது இல்ல தம்பி. இது பொய்யின்னு ஆயிட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

இரண்டு நாள் அவள் ஊற்றும் மேஜையிலேயே கிடந்தாள். தட்டுகளில் குமிழி வந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்த முதல் குமிழி. வியாழக்கிழமை மத்தியானம் குட்டி டாக்டரின் மேஜைக்குப் போய், "நான்தான்மா தெறந்தேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் கருவியின் பதிவுக் காகிதத்தையும் என்னிடம் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருந்தாள். இருந்த ஒரே நம்பிக்கையின் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்தாள். என்னால் அதைச் செய்திருக்க முடியாது.

குட்டி டாக்டர் கத்தவில்லை. கதவின் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஐந்தாவது முறை சோதனையைப் போட்டாள். ஐந்து நாளும் அக்கா அந்தக் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். முடிவு வந்தது. சேதி இல்லாத புழுக்கள் ஐந்து நாளும் தறிகெட்டுத் திரிந்திருந்தன.

"மூணு வருஷம்க்கா" என்றாள் குட்டி டாக்டர். "அதுங்களுக்கு நேரமே தெரியல. மாற்று சேதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கதவு தெறந்தா எழுந்துக்குது. அவ்வளவுதான்."

அக்கா அவள் தலையில் கை வைத்தாள். வேலை போகவில்லை. புரொபசர் வழக்கம்போலக் கிழித்ததோடு விட்டுவிட்டார். ஆனால் 'கதவு தெறந்தா எழுந்துக்குது' என்ற அந்த வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் மூழ்குகிறவள் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பாளே, அப்படி.

மறுநாளிலிருந்து பதினொன்றரைக்கு மேலங்கியைக் கழற்றிவிட்டு ஓடுவாள். வீடு பத்து நிமிஷ நடை, இரண்டாவது மாடி. காலையில் ஜன்னல் திரைகளை மூடி, கதவைப் பூட்டிவிட்டு வந்திருப்பாள். மேலே ஏதாவது சத்தம் வருகிறதா என்று கீழ்வீட்டுப் பெண் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சரியாகப் பதினொன்று நாற்பதுக்குக் கதவைத் திறப்பாள். திரைகளை விலக்குவாள். வெந்நீரில் முகம் துடைத்து, சாப்பாடு கொடுத்து, மாடிப்படி இறங்கி ஏற வைத்து, மூச்சு வாங்க ஒன்றேகாலுக்கு வேலைக்குத் திரும்புவாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பொய் சொல்வாள்.

மூன்றாவது வாரம் டிரைவர் ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்கினார். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வீட்டுத் துக்கத்துக்குப் போய் வரத் தாமதமானது. ஒரே நாள்தான். அவர் பழையபடி யூனிஃபார்மை மாட்டிக்கொண்டார், மறுபடி பழக்கத்துக்கு வர ஒரு வாரம் பிடித்தது. "ஒரு நாள்கூட தப்பக்கூடாது தம்பி" என்றாள். ஆயுசு முழுக்கவா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போன மாதம் ஊற்றும் மேஜையில் நின்றபடியே அக்கா கண் அயர்ந்துவிட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்த குடுவை நழுவி இரண்டு காலிலும் கொட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டுப் போடும்போதே இடுப்பு முடிச்சைத் துழாவினாள். வீட்டுச் சாவியை என் கையில் திணித்தாள்.

"பதினொன்னு நாப்பது. மறக்காத. யாரு தெறந்தா என்ன, கதவு தெறக்கணும், அவ்வளவுதான்."

போனேன். பதினொன்று நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன். திரைகளை விலக்கினேன். டிரைவர் கட்டிலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெந்நீர்த் துணியைத் தட்டிவிட்டார். மாமா, மாமா என்று கெஞ்சினேன். ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். சாப்பாட்டைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"எழுந்தாரா?" என்று அக்கா கேட்டாள்.

"எழுந்தாரு அக்கா. ஜம்முனு எழுந்து உக்காந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டாரு."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்தா முதல்ல மணி கேப்பாரு தம்பி" என்றாள். "நான் பதினொன்னு நாப்பதுன்னு சொல்லுவேன். அப்புறம்தான் கால கீழ வெப்பாரு."

பிறகு கட்டுப் போட்ட கால்களை ஒவ்வொன்றாகக் கட்டிலிலிருந்து இறக்கி, கீழே குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.